சமபங்கும் சமநீதியும்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்பொழுது ஏறத்தாழ 2.3 கிலோகிராம் கரியமில வாயு வெளிப்படுகிறது. இவ்வாயு மிகுவதால் புவி வெப்பமடைகிறது. ஆகவே, மகிழுந்துப் பயணங்களைக் குறைக்க வேண்டியுள்ளது. அச்சுமையை யார், எவ்வளவு ஏற்பது என்பதே கடினமான வினா.

இங்கிலாந்தைச் சேர்ந்த டேவிட் பிளெமிங் 1996ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழியை முன்மொழிந்தார். நாடு வெளியிடும் கரியமில வாயுவுக்கு அரசு ஓர் எல்லை வகுக்கும். அதில் மக்களுக்குரிய பகுதியை வயதுவந்தோர் அனைவருக்கும் விலையின்றிச் சமமாகப் பங்கிடும். எரிபொருள் வாங்கும்பொழுதெல்லாம் அப்பங்கிலிருந்து ஓர் அளவு கழிக்கப்படும். மீதம் உள்ளவர் அதனை விற்கலாம். போதாதவர் விலை கொடுத்து வாங்கலாம். இவ்வாறு விற்பதும் வாங்குவதும் கார்பன் வணிகம் எனப்படும். நியாயவிலைக் கடையில் குடும்ப அட்டைக்கு அரிசி அளந்து தருவதை இது ஒத்தது. ஆயினும், இங்கே மீந்ததை விற்கவும் உரிமை உண்டு.

இம்முறையில் நியாயம் இருக்கிறது. வரியை மட்டும் உயர்த்தினால் எளியவர் வருந்துவர். செல்வரோ அதனைப் பொருட்படுத்தாமல் பயணம் செய்வர். பங்கீட்டு முறையில், மிகுதியாகப் பயணம் செய்பவர் தரும் பணம் மகிழுந்து இல்லாதவரைச் சேரும். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியக் குடும்பங்களில் நூற்றுக்கு எட்டுக்கும் குறைவானவையே மகிழுந்து வைத்துள்ளன.

எனினும், இருவரை எண்ணிப் பார்க்கலாம். நகரவாசி ஒருவர் மெட்ரோ தொடர்வண்டியில் அலுவலகம் செல்கிறார். சிற்றூரில் வாழும் செவிலியர் ஒருவர் இரவுப் பணிக்கு 30 கிலோமீட்டர் செல்ல வேண்டும். அவ்வேளையில் பேருந்து இல்லை. இருவருக்கும் பங்கு ஒன்றே. முன்னவர் மீதத்தை விற்றுப் பொருள் ஈட்டுவார். பின்னவர் தம் ஊதியத்தைக் கொடுத்து வாங்குவார். செவிலியர் செய்த பிழை யாது?

இவ்வினா வெறும் கற்பனையன்று. பிரான்சு நாட்டில் 2018ஆம் ஆண்டில் எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து மக்கள் மஞ்சள் மேலாடை அணிந்து திரண்டனர். மகிழுந்தின்றி வேலைக்குச் செல்ல இயலாத சிறுநகரத்தாரும் சிற்றூராரும் அவர்களுள் பலர். அடுத்து வரவிருந்த வரி உயர்வை அரசு கைவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டில் சாலைப் போக்குவரத்து எரிபொருளுக்கும் கார்பன் வணிகத்தை விரிவாக்கச் சட்டம் இயற்றியது. அங்கு உரிமங்களை வாங்க வேண்டியவை எரிபொருள் வழங்கும் நிறுவனங்களே. ஆயினும், விலையேற்றம் இறுதியில் மக்களையே வந்தடையும். எனவே, எளிய குடும்பங்களுக்கு உதவ ஒரு நிதியமும் உடன் அமைக்கப்பட்டது.

எல்லார்க்கும் ஒரே அளவு தருவது சமபங்கு. அவரவர் நிலையறிந்து வழிசெய்வது சமநீதி. செவிலியரின் ஊருக்கு இரவுப் பேருந்து ஒன்று வந்துவிட்டால், அதே பங்கு அவருக்கும் போதுமானதாகும். மாற்று வழியை முதலில் அமைத்து, அதன் பின்னர் எல்லை வகுப்பதே நேரிய முறையாகும்.

சிந்தித்து எழுதுக: உங்கள் வீட்டார் ஒரு வாரத்தில் மேற்கொள்ளும் பயணங்களுள், பேருந்திலோ தொடர்வண்டியிலோ செல்ல இயலாதவை எவை? ஏன்?