இரண்டாவது விடை எதற்கு?

இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் இரண்டு விடைகள் வரும் என்பதைப் பத்தாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். அவற்றுள் ஒன்று குறை எண்ணாக இருந்தால் அதை அடித்துவிட்டு மற்றதை எழுதவேண்டும் என்பதையும் யாரும் சொல்லாமலே கற்றுக்கொள்கிறோம். பள்ளித் தேர்வில் இந்தப் பழக்கம் பெரும்பாலும் கைகொடுக்கும். ஜே.இ.இ. போன்ற நுழைவுத் தேர்வுகளில் கைகொடுக்காது. அங்கே நீங்கள் அடித்த விடையும் அடிக்காமல் விட்ட விடையும் நான்கு விடைகளுக்குள் ஒன்றையொன்று பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். தவறானதைக் குறித்தால் இருக்கும் மதிப்பெண்ணிலும் கழிப்பார்கள்.

ஆகவே, அந்த இரண்டாவது விடை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். தெரியாத எண்ணை ய எனவும், கெழுக்களை க, ச, ட எனவும் கொள்வோம். க ய² + ச ய + ட என்பது இரண்டாம்படிப் பல்லுறுப்புக் கோவை. (க பூச்சியமாக இருக்கக்கூடாது.) இக்கோவையைப் பூச்சியமாக்கும் ய-இன் மதிப்புகளே மூலங்கள்.

மூலங்களைக் காணும் வழியை ஏறத்தாழ 8 அல்லது 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்ரீதரர் அழகாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய இயற்கணித நூல் நமக்குக் கிடைக்கவில்லை. 1150இல் எழுதிய பீஜகணிதத்தில் இரண்டாம் பாஸ்கரர் அந்த விதியை எடுத்துக்காட்டியதால் அது பிழைத்தது. க ய² + ச ய = −ட என்று எழுதிக்கொள்ளுங்கள். இருபுறமும் 4க-ஆல் பெருக்குங்கள். பிறகு இருபுறமும் ச² கூட்டுங்கள். இடப்புறம் ஒரு முழு வர்க்கமாகிவிடுகிறது:

(2க ய + ச)² = ச² − 4க ட

நடுவில் பின்னம் எதுவும் தலைகாட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். பாடநூல் வழியைவிட இது எனக்குப் பிடித்தமானது. இனி வர்க்கமூலம் எடுக்கவேண்டியதுதான். அங்கேதான் ± குறி நுழைகிறது. 3-ஐ வர்க்கப்படுத்தினாலும் −3-ஐ வர்க்கப்படுத்தினாலும் 9 தானே? வர்க்கம் தன் குறியை மறந்துவிடுகிறது. அந்த மறதியின் விளைவே இரண்டாவது விடை.

பாஸ்கரரே இப்படி ஒரு விடையைச் சந்தித்தார். ஒரு குரங்குக் கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து 3-ஐக் கழித்து, மீதியை வர்க்கப்படுத்தினால் வரும் அத்தனை குரங்குகள் குகைக்குள் போய்விட்டன. வெளியே இருப்பது ஒன்று. மொத்தம் எத்தனை? கணக்குப் போட்டால் 50, 5 என இரண்டு விடைகள். 50 சரி. ஐந்து என்றால், ஐந்தில் ஒரு பங்கு 1. அதிலிருந்து 3 போனால் −2. குறை எண்ணில் குரங்குகள் இருப்பதை உலகம் ஏற்காது என்ற காரணத்தால் அவர் 5-ஐத் தள்ளினார். அவர் தள்ளியது குறை எண்ணை அன்று. 5 மிகை எண்தான். கணக்கின் கதைக்குள் அந்த விடையை வைத்துப் பார்த்த பிறகே தள்ளினார். நாம் செய்யத் தவறுவது இந்தச் சோதனையைத்தான்.

இப்போது இயற்பியலுக்கு வருவோம். விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒரு பந்தைச் செங்குத்தாக மேலே எறிகிறோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால், ய விநாடிக்குப் பின் அதன் உயரம் 20ய − 5ய² மீட்டர். அது 15 மீட்டர் உயரத்தில் இருப்பது எப்போது? சமன்பாடு ய² − 4ய + 3 = 0; விடைகள் 1, 3. இரண்டும் உண்மை. ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை. 20 மீட்டர் என்றால் ய² − 4ய + 4 = 0. இரு மூலங்களும் 2 என்றே வருகின்றன; ஏற்றமும் இறக்கமும் சந்திக்கும் உச்சி அது. 25 மீட்டர் என்றாலோ ய² − 4ய + 5 = 0. ச² − 4க ட என்ற தன்மைக்காட்டி 16 − 20 = −4 ஆகிறது. மெய் மூலம் இல்லை. பந்து அவ்வளவு உயரம் போகவே இல்லை என்பதைச் சமன்பாடு சொல்லும் விதம் இது.

அதே பந்தை 25 மீட்டர் உயரமுள்ள மொட்டைமாடியின் விளிம்பிலிருந்து எறிந்தால் எப்போது தரையைத் தொடும்? ய² − 4ய − 5 = 0; விடைகள் 5, −1. கேள்விக்குரிய பதில் 5 விநாடி. ஆனால் −1 வெறும் குப்பையா? எறிவதற்கு 1 விநாடி முன்பு, தரையில் நின்ற ஒருவர் விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் பந்தை எறிந்திருந்தால், அது நம் மாடியைத் தாண்டும்போது சரியாக 20 மீட்டர் வேகத்தில் போயிருக்கும். அதற்கு மேல் அதன் பயணமும் நம் பந்தின் பயணமும் ஒன்றே. பந்து மாடியில் பிறந்ததா, தரையிலிருந்து வந்ததா என்பது சமன்பாட்டுக்குத் தெரியாது. 'எறிந்த பிறகு' என்ற நிபந்தனை நம்முடையது.

தேர்வில் பல கேள்விகளுக்கு மூலங்களைக் காணவே வேண்டியதில்லை. கூடுதல் −ச/க, பெருக்கல் ட/க என்பதே போதும். ய² − 4ய + 1 = 0 என்பதன் மூலங்களின் வர்க்கங்களைக் கூட்டச் சொன்னால், கூடுதலின் வர்க்கம் 16; அதில் பெருக்கலின் இருமடங்கான 2-ஐக் கழிக்க 14. வர்க்கமூலக் குறியைத் தொடாமலே முடிந்தது.

இன்னொரு வகைக் கேள்வி: (ம² − 3ம + 2)ய² + (ம² − 5ம + 4)ய + (ம² − ம) = 0 என்பதற்கு இரண்டுக்கு மேற்பட்ட மூலங்கள் இருந்தால் ம என்ன? இருபடிக் கோவைக்கு மூன்று மூலங்கள் இருக்க முடியாது. ஆகவே மூன்று கெழுக்களும் ஒரே சமயத்தில் பூச்சியமாக வேண்டும். ம = 1 மட்டுமே அதற்கு இசைகிறது.

கடைசியாக, உண்மையிலேயே அடிக்கவேண்டிய விடை. √(ய + 6) = ய. இருபுறமும் வர்க்கப்படுத்த, ய² − ய − 6 = 0; விடைகள் 3, −2. மூன்றைப் பொருத்தினால் √9 = 3, சரி. −2-ஐப் பொருத்தினால் இடப்புறம் 2, வலப்புறம் −2. இது −√(ய + 6) = ய என்ற வேறொரு கணக்கின் விடை. வர்க்கப்படுத்திய அந்த ஒரு வரியில் இரண்டு கணக்குகளும் ஒன்றாகிவிட்டன. பாஸ்கரரின் குரங்குக் கூட்டத்துக்குள் 5 புகுந்ததும் இதே வாசல் வழியாகத்தான்.