ஆழ்கடலின் மறுமொழி

கிணற்றங்கரையில் நின்று உரக்கக் கூவினால் அக்குரல் மீண்டு வந்து நம் செவியில் ஒலிக்கும். இவ்வெதிரொலியையே கண்ணாகக் கொண்டு கடலின் அடித்தளத்தைக் காணும் கருவி சோனார் எனப்படும். கடலில் ஏறத்தாழ 200 மீட்டருக்குக் கீழே கதிரவன் ஒளி மங்கிவிடும். வானொலி அலைகளும் நீரினுள் நெடுந்தொலைவு செல்லமாட்டா. ஒலியோ நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் விரைவில் பரவும். விடுத்த ஒலி நான்கு நொடியில் மீளுமாயின், போகவும் வரவும் 6,000 மீட்டர் கடந்தது என்பது பொருள். ஆகவே, அதனைத் திருப்பிய பொருள் 3,000 மீட்டர் தொலைவில் உள்ளது என அறியலாம்.

ஆயினும், ‘அங்கே ஏதோ உளது’ என்றே எதிரொலி கூறும். ‘அஃது இன்னது’ என்று கூறாது. பாறையும் வலிய எதிரொலி தரும், இரும்பும் தரும். மீன் கூட்டமும் ஒலியைத் திருப்பும். ஆதலின் அறிஞர் அப்பொருளின் வடிவையும் அளவையும், அதன் பின்னே தோன்றும் ஒலிநிழலையும் ஆராய்வர். நிழலின் நீளம் பொருளின் உயரத்தைப் புலப்படுத்தும்.

இவ்வாராய்ச்சியின் அருமையைத் தாம்பரத்தோடு தொடர்புடைய நிகழ்ச்சி ஒன்று விளக்கும். 2016ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22ஆம் நாள், தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து ஏ.என். 32 என்னும் விமானம் 29 பேருடன் அந்தமானிலுள்ள போர்ட் பிளேருக்குப் புறப்பட்டது. வங்கக் கடலின்மேல் பறக்கையில் அது மறைந்தது. விமானங்களும் கப்பல்களும் பல நாள் தேடியும் பயன் விளையவில்லை. துயரச் செய்தி வந்தால் அழுதேனும் ஆறலாம்; ஒரு செய்தியும் வாராதபோது உற்றார் எங்ஙனம் ஆறுவர்?

ஏழாண்டுகள் கழிந்தன. வேளச்சேரி–தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணையில் அமைந்துள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், ஆளின்றித் தானே இயங்கும் நீர்மூழ்கிக் கலம் ஒன்றை, விமானம் இறுதியாக இருந்ததாக அறியப்பட்ட பகுதியில் இறக்கியது. அக்கலம் 3,400 மீட்டர் ஆழத்தில் சோனாரால் தேடியது. நுண்ணிய நிழற்படங்களும் எடுத்தது. கடலடியில் விமானச் சிதைவுகள் காணப்பட்டன. அறிஞர் உடனே முடிவு கூறினாரல்லர். அப்படங்களை ஏ.என். 32 விமானத்தின் அமைப்போடு ஒப்பிட்டனர், அவை பொருந்தின. அப்பகுதியில் வேறு விமானம் எதுவும் காணாமற்போனதாகச் செய்தி உண்டா என்றும் ஆராய்ந்தனர், இல்லை. அதன் பின்னரே, 2024 ஜனவரி 12 அன்று, அச்சிதைவுகள் அவ்விமானத்தினுடையவையாக இருத்தல் கூடும் என்று அரசு அறிவித்தது.

‘கூடும்’ என்னும் சொல்லின் நேர்மையை நோக்குக. காத்திருப்போர்க்கு விரைந்து கூறும் பொய்யுறுதி ஆறுதலாகாது. கேட்ட ஒலியை ஒப்பிட்டும், ஐயுற்றும், ஆராய்ந்தும் தெளிந்தவாறே உரைத்தல் அறிவுடைமை. அதுவே துயருற்றோர்க்குச் செய்யும் மரியாதையுமாகும்.