லாரி இஞ்சினுக்கு எந்த எண்ணெய்?

சொந்த லாரி வைத்துள்ள சங்கங்களின் கணக்கைப் பார்வையிடும்போது ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது: டர்போ பொருத்திய இஞ்சினுக்குச் சாதாரண எண்ணெய் போதுமா, விலை கூடிய சிந்தெடிக் எண்ணெய் வேண்டுமா?

ஒரு சங்கத்தில் எண்ணெய்ச் செலவு குறைந்ததென நிர்வாகக் குழு பாராட்டுத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. அதே ஆண்டின் பேரேட்டில், டர்போ பழுதுக்கான செலவு அந்த மிச்சத்தை விழுங்கியிருந்தது. இரண்டும் அங்கத்தினர் பணமே.

டர்போ என்பது யாது? இஞ்சின் வெளியிடும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரம் சுழல்கிறது; அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அழுத்தி உள்ளே செலுத்துகிறது. 1955-இல் அசோக் லேலண்டு எனப் பெயர் பெற்ற எண்ணூர்த் தொழிற்சாலையின் தொடக்ககாலக் காமெட் லாரிகளில் இஃது இல்லை. இன்றைய பாரத் ஸ்டேஜ் 6 டீசல் லாரிகளிலோ இது வழக்கமாகிவிட்டது. அதன் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கு மேலும் சுழலக்கூடும். அதைத் தாங்குவதும், சூட்டைக் கடத்துவதும் மெல்லிய எண்ணெய்ப் படலமே.

சாதாரண எண்ணெய், கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துப் பெறப்படுவது. சிந்தெடிக் என்பது போலியன்று; வேதியியல் முறையால் மூலக்கூறுகளைச் சீராக்கிச் செய்தது. கடுஞ்சூட்டிலும் அது எளிதில் கெட்டியாகாது, கரியாகவும் படியாது. ஆதலின் டர்போவுக்கு நன்று.

எனினும் அப்பெயர் மட்டும் போதாது. வண்டியின் கைப்புத்தகம் கூறும் தரக்குறியும் பாகுநிலையும், எடுத்துக்காட்டாக ஏ.பி.ஐ. சி.கே.-4, 15டபிள்யூ-40 என்பன, டப்பாவின் மீது உள்ளனவா எனப் பார்த்தல் வேண்டும். தரக்குறி பொருந்தாத சிந்தெடிக்கைவிடப் பொருந்திய சாதாரண எண்ணெயே மேல்.

கைப்புத்தகம் இரண்டையும் அனுமதித்தால் கிலோமீட்டர்க் கணக்குப் போடுக. 3,000 ரூபாய் எண்ணெய் 10,000 கிலோமீட்டருக்கும், 4,500 ரூபாய் எண்ணெய் 20,000 கிலோமீட்டருக்கும் அனுமதிக்கப்பட்டதாகக் கொள்வோம். முன்னதற்குக் கிலோமீட்டருக்கு 30 காசு. பின்னதற்கு 22½ காசு. ஆனால் கைப்புத்தகம் கூறிய தவணையை எண்ணெயை நம்பி நீட்டுதல் கூடாது.

திருவொற்றியூர்–எண்ணூர் சாலையில், துறைமுகம் செல்லும் வரிசையில் மணிக்கணக்கில் நிற்கும் லாரியை எண்ணிப் பாருங்கள். சக்கரம் ஓடாவிடினும் இஞ்சின் ஓடுகிறது. கிலோமீட்டர் ஏறாமலே எண்ணெய் கெடுகிறது. அத்தகைய வண்டிக்கு இஞ்சின் ஓடிய மணிநேரத்தையும் குறித்து, எண்ணெயை முன்னதாகவே மாற்றுதல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. பாரம் இழுத்து வந்தவுடன் இஞ்சினை நிறுத்தினால் டர்போவில் தேங்கிய எண்ணெய் கரிந்துவிடும். ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துமாறு ஓட்டுநரிடம் கூறுங்கள். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில், விலைச்சீட்டுடன் கைப்புத்தகத்தையும் மேசைமேல் வையுங்கள்.