சுனில் சேத்ரியின் 95 கோல்களை எப்படி எடை போடுவது?

நம் சங்கக் குடும்பங்களில் கால்பந்து ரசிக்கும் பிள்ளைகள் ஏராளம். ரொனால்டோ, மெஸ்ஸி என்றால் முகம் மலரும். சுனில் சேத்ரியைப் பற்றிக் கேட்டால், "எல்லாம் சின்ன நாடுகளுக்கு எதிராக அடித்த கோல்கள்தானே!" என்று பதில் வரும். அதில் எவ்வளவு உண்மை உண்டு என்று பார்ப்போம்.

முதலில் கணக்கு. கிளப் ஆட்டங்களில் அடிக்கும் கோல்கள் இதில் சேராது. இரு நாடுகளின் முதன்மை அணிகள் மோதும்போது அடித்தவை மட்டுமே சர்வதேசக் கோல்கள். 2005 ஜூன் 12 அன்று பாகிஸ்தானின் குவெட்டா நகரில், தம் முதல் ஆட்டத்திலேயே சேத்ரி கோல் அடித்தார். 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிராக ஆடி விடைபெற்றபோது 151 ஆட்டங்களில் 94 கோல்கள். அன்று உலக வரலாற்றிலேயே அவருக்கு மேலே இருந்தவர்கள் ரொனால்டோ, ஈரானின் அலி தாயி, மெஸ்ஸி ஆகிய மூவர்தாம்.

எதிரணிகளில் பல சிறியவை என்பது மெய்தான். ஆனால் தராசுக்கு இரண்டு தட்டுகள் உண்டு. மெஸ்ஸிக்குப் பந்து தருபவர்கள் உலகத் தர வீரர்கள். சேத்ரிக்கு அந்த வசதி இல்லை. 2008இல் டில்லியில் நடந்த ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பை இறுதியாட்டத்தில் தஜிகிஸ்தானுக்கு எதிராக அவர் 3 கோல்கள் அடித்ததால்தான், 1984க்குப் பிறகு முதல் முறையாக இந்தியா ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது. 2011இல் அந்தப் போட்டியில் பஹ்ரைனுக்கும் தென் கொரியாவுக்கும் எதிராகவும் கோல் அடித்தார். 2019இல் தாய்லாந்தை 4-1 என்று வென்றபோது இரண்டு கோல்கள் அவருடையவை.

நம் திருவனந்தபுரத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2016 ஜனவரி 3 அன்று காரியவட்டம் கிரீன்ஃபீல்டு மைதானத்தில் தெற்காசியக் கோப்பை இறுதியாட்டம். எதிரணியான ஆப்கானிஸ்தான் 2013 இறுதியில் நம்மை வென்ற அணி. 70ஆவது நிமிடம் அவர்கள் முந்தினார்கள். இரண்டே நிமிடத்தில் ஜேஜே சமன் செய்தார். கூடுதல் நேரத்தில், 101ஆவது நிமிடம் சேத்ரி அடித்த கோலால் கோப்பை இந்தியாவுக்கு வந்தது.

சேத்ரி செகந்திராபாத்தில் பிறந்தவர். தந்தை இராணுவத்தில் பணியாற்றியவர். தாய் நேபாள மகளிர் அணிக்கு ஆடியவர். தந்தையின் மாற்றலோடு ஊர் ஊராக வளர்ந்த பிள்ளை. பிழைப்புக்காக ஊர் மாறிய நம் வீட்டுப் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

2018 ஜூன் மாதம் மும்பையில் சீன தைபேயை 5-0 என்று வென்ற ஆட்டத்தில் மைதானம் பெரும்பாலும் காலி. "எங்களைத் திட்டவாவது மைதானத்துக்கு வாருங்கள்" என்ற பொருள்பட அவர் காணொளியில் வேண்டிக்கொண்டார். கென்யாவுக்கு எதிரான அடுத்த ஆட்டம் அவருடைய 100ஆவது ஆட்டம். அன்று அரங்கம் நிரம்பியது. அவரும் 2 கோல்கள் அடித்தார்.

ஓய்வு பெற்றவரை மீண்டும் அழைக்க வேண்டி வந்ததுதான் கவலைக்குரியது. 2025 மார்ச் 19 அன்று ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக 95ஆவது கோலைத் தலையால் முட்டி அடித்தபோது அவருக்கு வயது 40. நம் கிளப்புகள் கோல் அடிக்கும் இடத்தில் பெரும்பாலும் வெளிநாட்டவரையே நிறுத்துகின்றன. உள்ளூர்ப் பையனுக்கு அந்த இடத்தில் ஆடிப் பழக வாய்ப்புக் குறைவு.

ஆகவே பெற்றோர்களே, அடுத்த முறை நம் ஊரில் ஆட்டம் நடந்தால் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். தொலைக்காட்சியில் மெஸ்ஸியை ரசிக்கட்டும். மைதானத்தில் நம் பையன்களுக்கும் கை தட்டட்டும்.