டிராக்டரில் இன்னோர் இருக்கை

பெருந்துறையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் மஞ்சள் காட்டுக்குப் புறப்படும் டிராக்டரைத் தகப்பனார் ஓட்ட, பின்சக்கரத்தின் மேலுள்ள மட்கார்டில் மகன் அமர்ந்து செல்வதைக் காணலாம். அவ்விடத்தில் பட்டறைக்காரரைக் கொண்டு ஓர் இருக்கையைப் பொருத்திவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது சரிதானா என்று ஆராய்வோம்.

நம் முன்னோர் மாட்டு வண்டியில் முன்பாரம், பின்பாரம் பார்த்தே சுமை ஏற்றினார்கள். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழுந்து மாட்டின் கழுத்தை இறுக்கும். டிராக்டருக்கும் இந்த நெம்புகோல் விதியே பொருந்தும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் உள்ள சிறு டிராக்டர் ஒன்றைக் கருதுவோம். பின் அச்சுக்கு முக்கால் மீட்டர் பின்னால் 60 கிலோ எடையுள்ள ஒருவர் அமர்ந்தால், முன்சக்கரங்களின் மீதுள்ள பாரத்தில் 30 கிலோ குறைந்துவிடும். வாய்க்கால் கரையில் ஏறும்போது முன்சக்கரங்கள் எளிதில் மேலெழும். அவ்வாறு எழத் தொடங்கிய டிராக்டர் பின்புறமாகக் கவிழ ஏறத்தாழ ஒன்றரை வினாடியே போதும்.

இருக்கையைப் பின்னால் வைக்காமல் மட்கார்டின் மேலேயே வைத்தால் என்ன? அப்போதும் தீங்கு உண்டு. பெரும்பாலான டிராக்டர்களின் பின் அச்சில் வில் கிடையாது. இட்டேரியில் உள்ள ஒவ்வொரு பள்ளத்தின் அதிர்ச்சியும் நேராக உடலைத் தாக்கும். பிடி நழுவினால் விழும் இடம் பெருஞ்சக்கரத்தின் அருகே. பின்னால் கருவியைச் சுழற்றும் தண்டோ நிமிடத்துக்கு 540 முறை, அதாவது வினாடிக்கு 9 முறை சுழல்வது. துணியின் நுனி அதில் சிக்கினால் கையை இழுத்துக்கொள்ளவும் நேரமிராது.

ஸ்வீடன் நாட்டில் 1959ஆம் ஆண்டு முதல் புதிய டிராக்டர்களுக்குக் கவிழ்வுக் காப்புச் சட்டம் கட்டாயமாக்கப்பட்டது. வண்டி புரண்டாலும் ஓட்டுநர் நசுங்காதபடி அவரைச் சுற்றி ஓர் இடத்தை அந்த இரும்புச் சட்டம் காத்து நிற்கும். இருக்கை வார் அணிந்தவரே அவ்விடத்தில் நிலைத்திருப்பார். மட்கார்டில் அமர்ந்தவரோ அந்தக் காப்புக்கு வெளியே இருக்கிறார். நம் நாட்டில் 1989ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட சாலை விதிகளும், டிராக்டர் ஓட்டுநர் வேறெவரையும் அதன்மேல் ஏற்றிச் செல்லலாகாது என்றே கூறின.

அப்படியாயின் இரண்டாவது இருக்கை எங்குமே இல்லையா? உண்டு. மூடிய அறையுள்ள சில பெரிய டிராக்டர்களில், ஓட்டப் பயில்வோருக்குக் கற்றுக்கொடுப்பவர் அமர்வதற்கென உற்பத்தியாளரே ஓர் இருக்கை அமைக்கிறார். அது காப்பு அறைக்குள் இருக்கும். அதற்கு இருக்கை வாரும் உண்டு. ஓட்டுநரின் பார்வையையும் கைகளையும் அது மறைக்காது. பட்டறையில் நான்கு போல்ட்டு முடுக்கிப் பொருத்தும் பலகைக்கு இவற்றில் ஒன்றும் இராது. அது உறுதியாக இருக்கிறது என்ற எண்ணமே, சிறுவனைப் பிடிப்பின்றி அமரச் செய்துவிடும்.

ஆகவே மாணவர்களே, தகப்பனார் டிராக்டரை எடுக்கும்போது நீங்கள் சைக்கிளிலோ நடந்தோ காட்டுக்குச் செல்லுங்கள். தம்பியும் ஏற விரும்பினால் நெம்புகோல் கணக்கை அவனுக்கு மண்ணில் வரைந்து காட்டுங்கள். பத்து நிமிடம் தாமதமாகலாம். ஆயினும் முழு உடலோடு வீடு திரும்புவீர்கள்.