மன்னிப்பும் நியாயமும்

அறுகம்பேயிலிருந்து பொத்துவில் வழியாக வடக்கே செல்லும் கடலோரப் பெருஞ்சாலையில், திருக்கோவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என்று தமிழரும் முஸ்லிம்களும் வாழும் ஊர்கள் வேலியோடு வேலியாக நெருங்கிக் கிடக்கின்றன. அச்சாலை சென்று சேரும் மட்டக்களப்பு நகரத்திலே, 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று காலை, சீயோன் தேவாலயத்தின் ஞாயிறு பாடசாலை முடிந்து, பிள்ளைகள் சிற்றுண்டிக்காக முற்றத்தில் கூடியிருந்த வேளையில், பையொன்றைச் சுமந்து வந்த ஒருவன் தன்னோடு சேர்த்துக் குண்டை வெடிக்கச் செய்தான். அன்று இஸ்லாமியத் தீவிரவாதிகள் இலங்கையின் பல இடங்களில் நடத்திய தற்கொலைத் தாக்குதல்களில் மாண்ட 250க்கும் மேற்பட்டோருள் அந்தப் பிள்ளைகள் பலரும் அடங்குவர்.

சில தினங்களுக்குள் அச்சபையின் மூத்த போதகர் ரோஷன் மகேசன், தாம் காயப்பட்டிருப்பதையும் கோபங்கொண்டிருப்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, குண்டை வெடிக்கச் செய்தவனையும் அவனை ஏவியவர்களையும் மன்னிப்பதாக அறிவித்தார். கேட்டோர் பலர் வியந்தனர், சிலர் மனங்கசந்தனர். கோபம் தணியும் முன்னரே மன்னிப்பைச் சொல்லலாமா என்ற அவர்களது வினா நியாயமானதே.

இதற்குரிய விடை மத்தேயுவின் சுவிசேஷத்திலே இருக்கிறது. தன் சகோதரனை எத்தனை முறை மன்னிக்க வேண்டும், ஏழு முறை போதுமா என்று பேதுரு வினவியபோது, இயேசு அந்த ஏழை எழுபதால் பெருக்கிக் காட்டினார். குற்றம் ஒரே தடவை இழைக்கப்பட்டதாயினும், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு, அப்பிள்ளையின் பாடசாலைச் சீருடை கண்ணில் படுந்தோறும், அது புதிதாக இழைக்கப்படுகிறது. நேற்று மன்னித்தவள் இன்றும் மன்னித்தாக வேண்டும். ஆதலால் கிறிஸ்தவ மன்னிப்பு ஒருநாளில் வாய்த்துவிடும் மனச்சாந்தி அன்று. நெஞ்சிலே துவேஷம் தலைதூக்கும் ஒவ்வொரு பொழுதும், பழிவாங்குவதில்லை என்று பிரார்த்தனையோடு மீண்டும் மீண்டும் எடுக்கப்படும் தீர்மானம் அது.

2020ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று, தாக்கியவர்களை மன்னித்ததாகக் கூறிய பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித், அதன் பின்னரும், சூத்திரதாரிகள் யார் என்ற கேள்வியை விடாது எழுப்பி வந்தார். 2021 மார்ச்சில் கத்தோலிக்கர் நீதி கோரிக் கறுப்பு உடை தரித்துத் திருப்பலிக்கு வந்தனர். முன்னெச்சரிக்கை கிடைத்திருந்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டுமென 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மன்னித்த பின்னும் நீதி கேட்பதில் முரண்பாடு ஏதுமில்லை. மன்னிப்பவன் கைவிடுவது பழியுணர்ச்சியை மட்டுமே. சத்தியத்தைக் கைவிட அவனுக்கு அதிகாரமில்லை, ஏனெனில் அது மாண்டவர்களுக்கும் இனிப் பிறக்கப்போகிறவர்களுக்கும் உரியது.

சத்தியம் வேண்டப்படுவதற்கு மற்றொரு காரணத்தை இந்தக் கரையோரமே போதிக்கிறது. 2019 ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருதில் ஒரு வீட்டிலே தாக்குதல்தாரிகளின் குடும்பத்தினர் குண்டுகளை வெடிக்கச் செய்து குழந்தைகளோடு மாண்டபோது, புதிதாய்க் குடிவந்தோர் மீது ஐயங்கொண்டு முன்கூட்டித் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே. தற்கொலையாளிகளின் சடலங்களைப் பொறுப்பேற்க மாட்டோம் என முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் அமைப்பான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் அறிவித்திருந்தது. ஆயினும் அடுத்த மாதமே குருநாகல், மினுவாங்கொடைப் பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன.

குற்றவாளி இன்னாரென்று தெளியாதவிடத்து, கோபம் அயலவன் மீது பாய்கிறது. கல்முனைச் சந்தையிலே மீன் விற்கும் முஸ்லிம் சகோதரனை நோக்கி, உன்னை மன்னித்தேன் என்று ஒரு கிறிஸ்தவன் கூறுவானாயின், அது அன்பாகாது, அநீதியேயாகும்; ஏனெனில் அந்த மீன் விற்பவன் செய்த குற்றம் ஏதுமில்லை. குற்றஞ்செய்தவனுக்கு மன்னிப்பும், செய்யாதவனுக்கு நீதியும் கிடைக்க வேண்டுமாயின், இருவரையும் பிரித்தறியும் உண்மை முதலில் வெளிவர வேண்டும். அவ்வுண்மையைக் கேட்டு நிற்பதும் மன்னிக்கப் போராடுகிறவனின் விசுவாசத்தில் ஒரு பகுதியே.