விட்டுப்போன பென்ஷன் தவணையைக் கட்டலாமா? கட்டினால் என்ன கிடைக்கும்?

'அடல் பென்ஷனில் 2016-ல் சேர்ந்தேன். கஜா புயலில் தென்னை எல்லாம் போன பிறகு கட்ட முடியவில்லை. போட்ட பணம் போனது போனதுதானா?' கீரமங்கலம், ஆலங்குடி, அறந்தாங்கி பக்கத்து உழவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 2018 நவம்பர் 16 அன்று அடித்த கஜா, தென்னையோடு சேர்த்துப் பல குடும்பங்களின் மாதத் தவணைகளையும் சாய்த்துவிட்டது. நெட்டை ரகக் கன்று வைத்தால் காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். அதுவரை வங்கிக் கணக்கில் மாதாமாதம் பணம் வைத்திருப்பது எல்லோராலும் ஆகிற காரியமில்லை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் பணம் போகவில்லை. விட்ட மாதங்களைச் சேர்த்துக் கட்டலாம். ஆனால், தள்ளிப்போடப் போடச் சுமை கூடும்.

திட்டம் என்ன சொல்கிறது?

அடல் பென்ஷன் யோஜனா 2015 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 முதல் 40 வயதுக்குள் சேர வேண்டும். 60 வயதுக்குப் பிறகு மாதம் 1,000, 2,000, 3,000, 4,000, 5,000 ரூபாய் என்ற ஐந்து படிகளில், நாம் தேர்ந்தெடுத்த ஓய்வூதியம் கிடைக்கும். உறுப்பினர் காலமானால் அதே தொகை கணவருக்கோ மனைவிக்கோ வரும். இருவரும் காலமான பின் சேர்ந்திருக்கும் நிதி வாரிசுதாரருக்குப் போகும். 2,000 ரூபாய் படிக்கு இது 3.4 லட்சம் ரூபாய். 2022 அக்டோபர் 1 முதல் வருமான வரி கட்டுவோர் புதிதாகச் சேர முடியாது.

தவணை தவறினால் உடனே கணக்கை மூடுவதில்லை. ஆனால் பராமரிப்புக் கட்டணத்தை, நாம் ஏற்கெனவே கட்டிய பணத்திலிருந்து எடுத்துக்கொண்டே வருவார்கள். நம் பணம் முழுதும் அப்படிக் கரைந்து பூஜ்யமானால்தான் கணக்கு மூடப்படும். சில மாதம் மட்டும் கட்டி நிறுத்தியவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். இரண்டு மூன்று ஆண்டு கட்டியவர்களின் கணக்கு பெரும்பாலும் இன்னும் உயிரோடுதான் இருக்கும்.

தாமதக் கட்டணம் எவ்வளவு?

தவணையில் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும், அல்லது அதில் ஒரு பகுதிக்கும், தாமதமாகும் மாதம் ஒன்றுக்கு 1 ரூபாய். ஓர் உதாரணம் பார்ப்போம். 30 வயதில் 2,000 ரூபாய் படியில் சேர்ந்தவருக்கு மாதத் தவணை 231 ரூபாய். அவருக்குத் தாமதக் கட்டணம் மாதத்துக்கு 3 ரூபாய்.

ஓராண்டு விட்டிருந்தால்: தவணை 2,772 ரூபாய், தாமதக் கட்டணம் சுமார் 234 ரூபாய். மொத்தம் ஏறக்குறைய 3,006 ரூபாய்.

ஐந்தாண்டு விட்டிருந்தால்: தவணை 13,860 ரூபாய், தாமதக் கட்டணம் சுமார் 5,490 ரூபாய். மொத்தம் ஏறக்குறைய 19,350 ரூபாய்.

இது கணக்கு புரிவதற்காக நான் போட்டது. உங்களுக்கு உரிய சரியான தொகையை வங்கியில்தான் கேட்க வேண்டும். இதில் பலருக்கும் தெரியாத ஒரு நல்ல செய்தி இருக்கிறது. தாமதக் கட்டணத்தை வங்கி எடுத்துக்கொள்வதில்லை. அதுவும் உங்கள் ஓய்வூதிய நிதியிலேயே சேர்கிறது.

கடன் வாங்கிக் கட்ட வேண்டாம்

தாமதக் கட்டணம் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாயைச் சுற்றித்தான் வருகிறது. மூன்று வட்டிக்கும் ஐந்து வட்டிக்கும் கைமாற்று வாங்கி இதை அடைப்பது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதை. சம்பா அறுவடைப் பணமோ, கடலை விற்ற பணமோ, ஆடு விற்ற பணமோ கைக்கு வரும்போது கட்டுங்கள். மொத்தமாக முடியாவிட்டால் சில மாதத் தவணைக்கு உரிய பணத்தையாவது கணக்கில் போட்டு வையுங்கள். பணம் இருக்க இருக்க நிலுவையை எடுத்துக்கொள்வார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பி.எம். கிசான் பணமும் பென்ஷன் பிடித்தமும் ஒரே கணக்கில் இருந்தால், உர மூட்டைக்கு என்று நீங்கள் நினைத்திருந்த 2,000 ரூபாயும் நிலுவைக்குப் போய்விடலாம். எந்தக் கணக்கிலிருந்து பிடிக்கிறார்கள், நிலுவை எவ்வளவு என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

வங்கியில் செய்ய வேண்டியவை

1. ஆதார், பாஸ்புக், பென்ஷன் எண் எனப்படும் 'பிரான்' எண்ணோடு, நீங்கள் சேர்ந்த வங்கிக் கிளைக்கோ அஞ்சலகத்துக்கோ செல்லுங்கள். எந்தெந்த மாதம் பணம் ஏறியிருக்கிறது என்ற விவரத்தை அச்சிட்டுக் கேளுங்கள்.

2. இரண்டு ஆண்டுக்கு மேல் வரவு செலவு இல்லாத சேமிப்புக் கணக்கு செயலற்றுப் போயிருக்கும். முதலில் அதை உயிர்ப்பியுங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது.

3. வாரிசுதாரர் பெயரையும் செல்பேசி எண்ணையும் சரிபாருங்கள். திருமணத்துக்கு முன் சேர்ந்தவர்கள் வாழ்க்கைத் துணையின் பெயரை மறக்காமல் சேர்க்க வேண்டும்.

4. நிலுவை, தாமதக் கட்டணம், நடப்புத் தவணை மூன்றையும் கூட்டிக் கணக்கில் போடுங்கள். அடுத்த மாதம் மறுபடி விவரம் வாங்கி, இடைவெளி அடைபட்டதா என்று பாருங்கள்.

5. மாதத் தவணை ஒத்துவராவிட்டால் காலாண்டுக்கு ஒரு முறை, அரையாண்டுக்கு ஒரு முறை என்று மாற்றிக்கொள்ளலாம். கண்மாயையும் மழையையும் நம்பி ஒரு போகம் எடுக்கும் திருமயம், பொன்னமராவதி பக்கத்து உழவருக்கும், கல்லணைக் கால்வாய்க் கடைமடை உழவருக்கும் அரையாண்டுத் தவணைதான் தோது. எந்த மாதத்தில் பிடிப்பார்கள் என்பதைக் கேட்டு, அதற்கேற்பப் பணம் ஒதுக்கி வையுங்கள்.

இடைத்தரகர் கையில் பணம் கொடுக்க வேண்டாம். 'நிலுவையைத் தள்ளுபடி செய்கிறோம்' என்று போனில் ஓ.டி.பி. கேட்டால் சொல்ல வேண்டாம்.

சேராத ஆண்டுகளை வாங்க முடியாது

பிரிட்டனில் முழு அரசு ஓய்வூதியம் பெற 35 ஆண்டுப் பதிவு வேண்டும். அங்கே விடுபட்ட ஆண்டுகளுக்குத் தானாக முன்வந்து பணம் கட்டிப் பதிவைச் சரிசெய்துகொள்ளலாம். பொதுவாகக் கடந்த 6 ஆண்டுகள் வரை இதற்கு வழி உண்டு. நம் அடல் திட்டத்தில், சேர்ந்த பிறகு விட்ட மாதங்களை மட்டுமே அடைக்க முடியும். 40 வயது தாண்டினால் கதவு மூடிவிடும். அதனால் இருக்கிற கணக்கைக் கைவிடுவதற்கு முன் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசியுங்கள். 42 வயதில் கணக்கை முடித்துவிட்டால் மறுபடி சேர வழியில்லை.

மாதம் 2,000 ரூபாய் இன்னும் இருபது ஆண்டு கழித்து இன்றைய 2,000 ஆக இருக்காது. அதுவும் உண்மைதான். அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் மாத்திரை வாங்கவும் பஸ்ஸுக்கும் பிள்ளைகளிடம் கையேந்தாமல் இருக்க உதவும்.

வாசகர் கேள்விகள்

கே: இவ்வளவு தொகை தொடர்ந்து கட்ட முடியாது. கணக்கை முடித்துவிடலாமா?

ப: முடிப்பதற்கு முன் படியைக் குறைக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை 2,000 ரூபாய் படியிலிருந்து 1,000-க்கு இறங்க வழி உண்டு. 60 வயதுக்கு முன் வெளியேறினால் நீங்கள் கட்டியதும் அதன் வருவாயும், கட்டணம் போகக் கிடைக்கும். தொடக்க காலத்தில் சேர்ந்தவர்களுக்கு அரசு போட்ட பங்கு கிடைக்காது.

கே: கணவர் நிலுவையோடு காலமாகிவிட்டார். நான் என்ன செய்வது?

ப: அவருக்கு 60 வயது ஆகியிருக்கும் காலம் வரை நீங்கள் தொடர்ந்து கட்டி ஓய்வூதியம் பெறலாம். வேண்டாம் என்றால் சேர்ந்த தொகையைப் பெற்றுக்கொள்ளலாம். இறப்புச் சான்றிதழுடன் வங்கிக்குச் செல்லுங்கள். இரண்டில் எது என்று அங்கேயே அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம். வீட்டில் பேசிவிட்டுச் சொல்லுங்கள்.

கே: நான் பிரதமரின் கிசான் மான்தன் திட்டத்தில் இருக்கிறேன். அதிலும் நிலுவையை அடைக்கலாமா?

ப: அடைக்கலாம். 2019-ல் வந்த இத்திட்டம் 2 ஹெக்டேர் வரை நிலமுள்ளவர்களுக்கானது. தவணை 55 முதல் 200 ரூபாய் வரை. அதே அளவு மத்திய அரசும் போடும். 60 வயதில் மாதம் 3,000 ரூபாய். நிலுவை முழுவதையும் வட்டியுடன் செலுத்திக் கணக்கைச் சீராக்கலாம். பொது சேவை மையத்தில் விசாரியுங்கள். அடல் திட்டம்போல் பிள்ளைகளுக்குத் தொகை போகாது. உறுப்பினருக்குப் பின் துணைக்கு 1,500 ரூபாய் கிடைக்கும். அத்தோடு முடிந்தது.